ஐஸ் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா

வன்னியம்பட்டியில் மாரிச்செல்விக்கு விரோதி என்று யாரும் கிடையாது. ஓரகத்தி ஒருத்தி இருந்தாள். அது போதுமானதாக இருந்தது.

ஓரகத்தியின் பெயர் பேச்சியம்மாள். மாரியின் கணவன் வேல்பாண்டிக்கு அண்ணனான விஜயபாண்டியின் மனைவி. விஜயபாண்டி ராணுவத்தில் ஹவில்தார், வருஷத்தில் பத்து மாதம் அஸ்ஸாமில். பேச்சி குறை சொல்ல முடியாத பெண். மாரிக்கு அவளிடம் பிடிக்காத முதல் விஷயமே அதுதான். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றால், "ஆமா மாரி, கூடத்தான் போச்சு" என்று ஒத்துக்கொண்டு விடுவாள். சண்டைக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராத ஆளோடு ஒரே காம்பவுண்டில், அடுத்தடுத்த வாசலில், எட்டு வருஷம் குடியிருப்பது லேசான காரியமில்லை.

நல்லவேளையாகப் பேச்சிக்குப் பிள்ளை இல்லை.

இதை மாரி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நேர் எதிர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் நின்று, எங்க அக்காவுக்கு ஒரு பிள்ளையக் குடு தாயே என்று வேண்டிக்கொண்டாள். மனதாரத்தான் வேண்டினாள். அது பலிக்காது என்று நம்பியதும் அதே மனதாரத்தான்.

மாரி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாணமான மறு மாதமே ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளுத்து வரும், வலை போன்ற காஸ் துணியை வெட்டி, ஓரம் உள்ளே போகும்படி மடித்துக் கட்டுவது வேலை. காலை டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் போகிற துணி தன் கையைத் தாண்டித்தான் போகிறது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. யாருக்காவது கையில் வெட்டுக்காயம் பட்டுக் கட்டுப் போட்டிருந்தால், முதலில் கட்டைத்தான் பார்ப்பாள், பிறகுதான் ஆளை.

முதல் வருஷத்திலேயே மகன் பிறந்தான். ரெண்டு கிலோவைத் தட்டித் தடுமாறித் தாண்டியவனுக்கு வல்லரசு என்று பெயர் வைத்தார்கள். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்து அவன் அழுதபோது, கம்பெனி சூப்பர்வைசர் இம்மானுவேல் கழிவில் ஒதுக்கிய காஸ் துணியில் ரெண்டு மீட்டர் கொடுத்தார். மாரி அதை ஏழெட்டுத் தடவை அலசி, இரண்டு மடிப்பாக வைத்து, முன்பக்கம் நாடா கட்டுகிற மாதிரி கையாலேயே ஒரு சட்டை தைத்தாள். ஊதினால் இந்தப் பக்கக் காற்று அந்தப் பக்கம் போகும். அந்தச் சட்டையில்தான் வல்லரசு அந்தக் கோடையைக் கடந்தான். பால் பற்றாமல் நோஞ்சானாகவே வளர்ந்தான். வீட்டின் ஒரே வாரிசு நோஞ்சானாக இருந்தால் என்ன? மாமியார் குருவம்மாள் கறிக்குழம்பில் ஈரலைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைப்பாள். மாரி அதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். பேச்சி அதைப் பார்க்கிறாளா என்று மறு ஓரத்துக் கண்ணால் பார்ப்பாள்.

இந்த ஏற்பாடு ஒரு பங்குனி மாதம் உடைந்தது. பேச்சி வாந்தி எடுத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் பெண்கள் விரலை மடக்கினார்கள். "விஜயபாண்டி தீபாவளிக்கு வந்துட்டுல்லா போனான்? இவ பங்குனியில வாந்தி எடுக்கா?" என்றாள் ஒருத்தி. குடும்ப மானம் போகிறது என்றால் மாரி சும்மா இருக்கிறவள் இல்லை. "வாய அலசிட்டுப் பேசுங்க. எங்க அத்தான் லீவுக்கு வந்தப்பவே மதுரை ஆஸ்பத்திரியில கரு உண்டாக்கியாச்சு. ஊசி போட்டதுல அக்காவுக்கு வயிறு வீங்கிப்போச்சு, இப்ப வைக்கக் கூடாதுன்னுட்டாவ. அதான் ஐஸ்ல வெச்சிருந்து, உடம்பு தேறுன பொறவு மாசியில எடுத்து வெச்சாவ. அத்தான் அஸ்ஸாம்ல இருந்தா என்ன, அமெரிக்காவுல இருந்தா என்ன?" என்று பஸ் வரும்வரை விளக்கினாள். பேச்சியின் மானம் காப்பாற்றப்பட்டது. பேச்சி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ரகசியமும் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ச் சேர்ந்தது. பிறக்கும் முன்பே பிள்ளைக்கு 'ஐஸ் பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. மாரி இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். எதற்காகச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பிள்ளை கார்த்திகை அடைமழையில் பிறந்தது. பேச்சிக்குக் கடைசி மாதத்தில் பிரஷர் ஏறிவிட, சொன்ன தேதிக்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். முன்கூட்டி வந்ததாவது சின்னதாக வந்திருக்கக் கூடாதா? நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பெண் பிள்ளை. கையில் மடிப்பு, காலில் மடிப்பு, கழுத்தைக் காணோம். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்தபோது குருவம்மாள் வாங்கிய வேகத்தில், "ஏ ஆத்தி, எம்புட்டுக் கனம்!" என்று கத்தினாள். வல்லரசை வாங்கியபோது இதே அத்தை, "கைக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே" என்று சொன்னது மாரிக்கு ஞாபகம் வந்தது.

குலசாமியின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்: மாடத்தி.

பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. நல்லபடியாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த பழந்துணியைத்தான் முதலில் போடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பேச்சி கேட்டாள்.

"மாரி, வல்லரசு போட்டிருந்தான்லா, அந்தக் காஸ் சட்டை... அதக் குடேன். அதத்தான் மொதல்ல போடணும்னு நெனச்சு வெச்சிருக்கேன்."

"அதையா? எலி கடிச்சிருச்சேக்கா."

"எப்ப?"

"போன வருஷமே."

எலி கடித்த சட்டை, பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு பத்திரமாக இருந்தது.

பெயர் வைத்த அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். மழை ஓயவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மாடத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வல்லரசைப் பார்த்தார்கள். அந்தப் 'பிறகை'த்தான் மாரியால் தாங்க முடியவில்லை. யாரோ, "பெரியம்மா வீட்டுல சாப்பிடுடா தம்பி, நீயும் இப்படி ஆயிருவ" என்று வேறு சொன்னார்கள். மாரி சிரித்துக்கொண்டே போய்ப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலு சில்லுன்னு இருக்கேக்கா. இருக்கத்தான செய்யும்? ஐஸ்ல கெடந்த உடம்புல்லா. குளிர்ச்சி உள்ளயேதான் நிக்கும். மத்த பிள்ளைய மாதிரி நெனச்சு வளத்துறாதீக."

கூட்டத்தில் ஒரு நொடி சத்தம் அடங்கியது. மாரி எதிர்பார்த்தது அந்த ஒரு நொடியைத்தான். அது கிடைத்துவிட்டது, அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

பேச்சிக்கு அன்றுதான் தொடங்கியது. மறுநாளே கம்பளிக் குல்லா வந்தது. பிறகு காலுறை, கையுறை, ஸ்வெட்டர், விஜயபாண்டி அஸ்ஸாமிலிருந்து அனுப்பிய கனத்த போர்வை. பிள்ளை இருக்கிற அறையில் ஃபேன் கிடையாது. ஜன்னல் சாத்தியே கிடந்தது. தாய்ப்பால் வழியாகக் குளிர்ச்சி இறங்கிவிடும் என்று பேச்சி மோரை விட்டாள், இளநீரை விட்டாள், பழத்தை விட்டாள். தண்ணீரைக்கூடச் சுக்குத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத்தான் குடித்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்க மாரிதான் சொன்னா. எனக்கெல்லாம் தோணியே இருக்காது" என்றாள். மழைக்காலத்தில் இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. தையில் பனி, மாசியிலும் விடியக்காலைப் பனி. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெயில் ஏறியதே தவிரக் குல்லா இறங்கவில்லை.

மாரிக்குத் தெரியாமல் இல்லை. மாதாமாதம் அங்கன்வாடியில் எடை போடும்போது, சும்மா வந்தவள் போலப் பின்னால் போய் நிற்பாள். முதல் மூன்று மாதம் முள் ஏறிய ஏற்றத்தில் அவளுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் முள் அவ்வளவாக ஏறவில்லை. மாரி வழியில் வல்லரசுக்குப் பன் வாங்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த மாதம் முள் இருந்த இடத்திலேயே நின்றது. "பால் குடிக்க மாட்டேங்கா, எந்நேரமும் சிணுங்குதா" என்று பேச்சி அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குல்லாவுக்குக் கீழே பிள்ளையின் நெற்றி முழுக்க வேர்க்குரு சிவந்திருந்தது. டீச்சர் குல்லாவைக் கழற்றச் சொன்னதற்கு, "இது ஐஸ்ல வெச்சிருந்த பிள்ளை டீச்சர், உங்களுக்குத் தெரியாது" என்றாள் பேச்சி. டீச்சரும் தனக்குத் தெரியாதுதான் என்று விட்டுவிட்டாள்.

அப்போது மாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேர்க்குருவைப் பற்றி அவளைவிட விவரம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. கூடவே மாடத்தியின் கைமடிப்பும் கண்ணில் பட்டது. மெலிந்த பிறகும் ஒரு மடிப்பு மிச்சமிருந்தது. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் வரை போகவில்லை. கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேச்சி போர்வைப் பொட்டலத்தோடு மாரியின் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மாரி, பிள்ளைக்குக் குளிர் காய்ச்சல் போல. நேத்துலேர்ந்து பாலே குடிக்கல. நெருப்பாக் கொதிக்குது. இன்னொரு போர்வை இருந்தாக் குடேன்."

மாரி பொட்டலத்தை வாங்கினாள். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தூக்குவது போலிருந்தது. பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"மூத்திரம் எப்பப் போனா?"

"காலையிலேர்ந்து துணி நனையவே இல்ல. நல்லதுன்னு நெனச்சேன். உள்ள குளிர்ச்சி இருந்தாத்தான அடிக்கடி போவா..."

பிள்ளை அழவில்லை. அதுதான் மாரியை உலுக்கியது. ஆறு மாதமாக அடுத்த சுவருக்குப் பின்னால் அந்த அழுகையைக் கேட்டு எரிச்சல்பட்டவள் அவள். இப்போது அழாமல் தன்னையே பார்க்கிற அந்தக் கண்ணைக் கண்டதும் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். போர்வையை உதறினாள். குல்லாவைப் பிய்த்தாள், ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினாள். பேச்சி பதறிக் கையைப் பிடித்தாள்.

"என்னட்டி செய்த? குளிர் ஒத்துக்காதுன்னு நீதான சொன்ன!"

"நான் ஆயிரம் சொல்லுவேன்! எடுக்கா கைய!"

கொடியில் கிடந்த வல்லரசின் பனியனை நனைத்துப் பிள்ளையின் உடம்பைத் துடைத்தாள். பேச்சி சத்தமாக அழுதாள். பிள்ளைக்கும் சேர்த்து அவளே அழுவது போலிருந்தது. வேல்பாண்டி மில்லில் ஷிஃப்டில் இருந்தான். மாரியே ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் பேச்சி, அவள் மடியில் ஈரத்துணியோடு மாடத்தி. ராஜபாளையம் வரை அனலாக அடித்த காற்றில் மாரி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள்: அழு, அழுது தொலை.

குழந்தை டாக்டர் ஐயாதுரை பிள்ளையை உள்ளே எடுத்துப் போய் ட்ரிப் ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. மெலிசாக ஆரம்பித்து, பிறகு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி. மாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க, தப்பிச்சுட்டா" என்று டாக்டர் வெளியே வந்தார். "உடம்புல தண்ணியே இல்ல. இந்த வெயில்ல இந்தப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுத் துணி? மேலெல்லாம் வெந்து கெடக்கு."

"ஐஸ்ல வெச்சிருந்த கரு டாக்டர். குளிர்ச்சி உள்ள நிக்கும்லா?" என்றாள் பேச்சி.

டாக்டர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு விட்டுவிட்டார். "ஏம்மா, அது கண்ணுக்கே தெரியாத அளவு. வெளிய எடுத்ததுமே உருக வெச்சு, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் உள்ள வெச்சிருப்பாங்க. அதுக்குப் பொறவு மாசக்கணக்கா உங்க வயித்துல இருந்திருக்கு. உங்க வயிறு என்ன ஃபிரிட்ஜா?"

பேச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இப்படி உறைய வெச்ச கருவுல பொறக்கிற பிள்ளைங்க சராசரியா எடை கொஞ்சம் கூடத்தான் இருக்குன்னு சொல்றாங்க. அம்மாவுக்குக் கர்ப்பத்துல பிரஷர் வர்ற வாய்ப்பும் கொஞ்சம் கூட. உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர்."

"வந்து போயிருச்சுல்லா. இனி இது மத்த பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை. தடுப்பூசி போடுங்க, பால் குடுங்க, ஃபேனைப் போடுங்க. குளிர்ச்சி நிக்கும்னு யாரு சொன்னது?"

மாரி தரையைப் பார்த்தாள். பேச்சி கொஞ்சமும் யோசிக்காமல், பெருமையாகவே கை காட்டினாள். "எங்க மாரிதான் டாக்டர். பிள்ளை மேல அம்புட்டுப் பிரியம்."

டாக்டர் மாரியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லி நடந்தார். அவர் திட்டியிருந்தால் மாரி பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தேறியிருப்பாள்.

வராந்தா பெஞ்சில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியே மாடத்தி கையை ஆட்டுவது தெரிந்தது. கையில் மாட்டிய ஊசியைச் சுற்றிக் காஸ் துணி. மடிப்பு சரியில்லை, வேறு கம்பெனிச் சரக்கு என்று மாரிக்குப் பட்டது. அந்த நேரத்திலும் பட்டது.

"அக்கா, அன்னைக்குப் பிரியத்துல சொல்லல."

"தெரியும்."

"குத்தலாத்தான் சொன்னேன்."

"அதான் தெரியும்ங்கேன்."

மாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா அம்புட்டையும் செஞ்சீக?"

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "குத்தலாச் சொன்னா பொய்யாத்தான் இருக்கணுமா? நெசமா இருந்து தொலைச்சிட்டா? நீ பெத்து வளத்தவ. எனக்கு என்ன தெரியும்? மூணு தடவ ஊசி போட்டு, ஒண்ணும் தங்காம, கடைசியாக் கெடச்சது இது." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் மட்டும் யோக்கியமா? வல்லரசு பொறந்தப்ப, இவளுக்குப் பாலு வத்திப் போவட்டும்னு நெனச்சவதான் நான். ஒரு நாள் இல்ல, தெனமும். நெசமாவே வத்திப் போச்சு. அதுலேர்ந்து நீ என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரல."

உப்பு கூடிப்போச்சு என்றால் ஒத்துக்கொண்டதற்கெல்லாம் காரணம் இதுதானா?

மாரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் மகன் நோஞ்சானாகப் போனதற்கு இதோ ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுப்பேற்கிறாள். ஆனால் வந்தது ஒருவகையான சந்தோஷம். தன்மேல் ஒருத்தி இத்தனை வருஷம் வயிறெரிந்திருக்கிறாள், தினமும் எரிந்திருக்கிறாள், தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கலாம். பிறகுதான் அந்தச் சந்தோஷத்துக்குள் இன்னொன்று உறைத்தது. பொறாமையிலும் இவள்தானே மூத்தவள்? தான் ஆறு மாதமாகப் பட்டதை இவள் அதற்கு ஆறேழு வருஷம் முன்பே பட்டு, ஒரு சத்தம் வெளியே வராமல் பட்டு முடித்திருக்கிறாள். இதிலும் தோல்விதான்.

"நெனச்சதுனாலெல்லாம் பாலு வத்தாதுக்கா" என்றாள் மாரி, வேண்டாவெறுப்பாக.

"சொன்னதுனால குளிர்ச்சியும் நிக்காது போல" என்றாள் பேச்சி.

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டுமே அழுகையில் போய் முடிந்தன.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சி ஜன்னலைத் திறந்து ஃபேனைச் சுழலவிட்டாள். குல்லாவைத் தூர எறிய மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாரி தன் வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தாள். திறந்தபடி வெகுநேரம் நின்றாள். அதற்குள் வேல்பாண்டி காபி கேட்டான். அவனுக்கு ஒரு அதட்டல் விழுந்தது. பிறகு கல்யாணப் புடவையைத் தூக்கி, அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

பேச்சி சட்டையை வாங்கி விரித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"எலி கடிச்ச சட்டை இதானா மாரி?"

"ஆமா."

"எங்க கடிச்சிருக்கு?"

"கடிச்ச எடத்த நான்தான் தச்சேன். தையல் வெளிய தெரியாது."

"நல்ல தையல்தான்" என்றாள் பேச்சி. வழக்கம்போல ஒத்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாரி பேச்சை மாற்றப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, சட்டையில் கையை நுழைத்தாள். ஒரு வயசுவரை வல்லரசுக்குத் தொளதொளவென்று கிடந்த சட்டை. மாடத்திக்குத் தோளில் பிடித்தது. மாரி ரெண்டு பக்கத்து நாடாவையும் இழுத்துப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்து, எடை நின்று, ட்ரிப் ஏறி வந்த பிள்ளையின் வயிற்றில் நாடாக்கள் எட்டவே இல்லை. மாரி மூச்சை அடக்கி இன்னொரு தடவை இழுத்தாள். மாடத்தி அவள் முகத்தைப் பார்த்து வாயைக் கோணிச் சிரித்தது.

"கட்ட வேண்டாம் மாரி, சும்மா தொறந்தே கெடக்கட்டும். காத்து வரும்" என்றாள் பேச்சி.

"நாளைக்குக் கம்பெனியில இம்மானுவேல் அண்ணங்கிட்ட ரெண்டு மீட்டர் கேக்கேன்" என்றாள் மாரி. பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, உண்மையான எரிச்சலோடு சொன்னாள்: "இவளுக்கு ரெண்டு பத்தாது. மூணு வேணும்."